சாதிக் கட்டம் நிரம்பியிருக்கிறது, பதக்கக் கட்டம் காலி

விழுப்புரத்தில் இருந்து காணை தாண்டிப் போனால் கெடார். அந்தப் பக்கத்துக் காலனி ஒன்றில் ஒரு பெரியவரை எல்லோரும் 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 'மிலிட்டரி தாத்தா'. சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே யோசிக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் பையோடு அவர் வந்தார். பையில் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இரண்டு பழைய போட்டோ, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரே ஒரு மெடல்.

"தம்பி, நான் சண்டைக்குப் போனேனா இல்லையான்னு கவர்மெண்ட்டையே ஒரு எழுத்து எழுதிக் கேளுப்பா" என்றார்.

1969இல் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். 1971 டிசம்பரில் கிழக்கு முனையில், இன்றைக்கு வங்கதேசம் என்று சொல்கிற மண்ணில் இருந்தவர். 15 ஆண்டுகள் முடித்து 1984இல் ஊர் திரும்பினார். 2021 டிசம்பரில் அந்தப் போரின் பொன்விழா வந்தது. போரில் பங்கேற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திய ஒரு விழாவுக்கு இவரும் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள், "போர்ப் பதக்கம் எதுவும் இதில் ஏறலையே ஐயா, லிஸ்ட்டில் எப்படிச் சேர்ப்பது" என்று கேட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்களாம். பின்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அந்த விழா எது, அவர் இருந்த ரெஜிமெண்ட் எது என்பதை இங்கே எழுதவில்லை. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

புத்தகத்தை நானும் புரட்டினேன். எண், பெயர், தகப்பன் பெயர், தென்னார்க்காடு மாவட்டம், விழுப்புரம் தாலுகா. உயரம், மார்பளவு, உடம்பில் உள்ள அடையாளம். மதம் எழுதியிருந்தது. சாதி எழுதியிருந்தது, அதுவும் அழகான கையெழுத்தில், பிழையில்லாமல். பதக்கங்களுக்கான பக்கத்தில் ஒன்பதாண்டு நீண்ட சேவைப் பதக்கம் மட்டும். மற்றபடி வெள்ளைத் தாள்.

படையில் சேருகிறவரிடம் சாதியும் மதமும் கேட்பது எப்போதும் உள்ள வழக்கம்தான் என்று 2022இல் அக்னிபத் சர்ச்சையின்போது ஒன்றிய அரசே சொன்னது. நாட்டுக்காகச் சாகப் போகிறவனிடம் சாதியைக் கேட்டு எழுதுவதற்குக் கை மறப்பதில்லை. அவன் என்ன செய்தான் என்று எழுதத்தான் மறந்துபோகிறது.

பதக்கம் என்றதும் நம் தோழர்கள் பலர் பரம்வீர் சக்ரா போன்ற வீரப்பதக்கங்களை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. அதற்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும். இவர் கேட்பது சேவைப் பதக்கம். அங்கே இருந்தாயா, அந்த நாளில் பணியில் இருந்தாயா என்பது மட்டும்தான் அதற்குத் தகுதி. 1971 போரின் கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் என்றால் பஸ்சிமி ஸ்டார். அந்தப் போர்க்காலப் பணிக்காக சங்க்ராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு விடுதலையின் 25ஆம் ஆண்டுப் பதக்கம். 1969இல் சேர்ந்து 1984இல் வெளியே வந்தவர் 1972 ஆகஸ்ட் 15 அன்று எங்கே இருந்திருப்பார்? இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை, அதே புத்தகத்தின் முதல் பக்கமே போதும். இருந்தும் அந்தப் பதக்கமும் அதில் இல்லை.

இந்தப் பதக்கங்களால் ஒரு பைசா கிடையாது. ஓய்வூதியம் கூடாது, மனைப்பட்டா கிடைக்காது. இதைச் சொல்லியே பல இடங்களில் பெரியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். "இந்த வயசுல இது எதுக்குத் தாத்தா?" எதற்கு என்று அவரிடமே கேட்டேன். ஊர்த் தெருவில் டீக்கடையில் யாரோ சொன்னார்களாம்: "அவன் எங்க சண்டை போட்டான், பட்டாளத்துல சட்டி கழுவிக்கிட்டு இருந்திருப்பான்." நாற்பது ஆண்டுகளாக அந்தப் பேச்சு இருக்கிறது. பதில் சொல்ல அவரிடம் ஒரு தாள் இல்லை.

சட்டி கழுவியவருக்கும் அந்தப் பதக்கம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சமையல்காரர், வண்ணார், முடிதிருத்துநர், துப்புரவாளர் என்று குலத்தொழில்களின் பெயரிலேயே பணியிடம் வைத்திருந்த படை இது. அந்தப் பணியிடங்களுக்கு எந்தத் தெருவில் இருந்து ஆள் எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் பதக்க விதியில் துப்பாக்கி பிடித்தவனுக்கு மட்டும் என்று இல்லை. போர்முனையில் கூழ் காய்ச்சிக் கொடுத்தவனுக்கும் அதே நட்சத்திரம்தான். இவர் துப்பாக்கிதான் பிடித்தார். பிடிக்காமல் கரண்டி பிடித்திருந்தாலும் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

பதிவு எப்படி விடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ராணுவத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கிற எல்லாவற்றையும், விடுப்பு, மாற்றல், பதவி உயர்வு, கல்யாணம், பிள்ளை பிறப்பு, பதக்கத் தகுதி என்று, அவனுடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையாக வெளியிட வேண்டும். அது ரெக்கார்டு ஆபீசுக்குப் போகும். அங்கே எழுத்தர் அதைப் பணிப் பதிவேட்டில் ஏற்றுவார். யூனிட் எழுத்தர் ஆணை போடாவிட்டால் ரெக்கார்டு ஆபீசைப் பொறுத்தவரை அந்தச் சம்பவம் நடக்கவே இல்லை. போர் முடிந்து யூனிட் இடம் மாறுகிற நேரத்தில், மருத்துவமனையிலோ விடுப்பிலோ பயிற்சியிலோ இருந்தவன் பெயர் சுலபமாக விட்டுப்போகும். இவர் 1972இல் மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அப்போது விடுபட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

அப்படியானால் இதில் சாதி எங்கே வந்தது, இது எழுத்துப் பிழைதானே என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் சாதியைக் காரணம் காட்டுகிறார்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்களுக்கு நாமே வேலை வைக்கக் கூடாது. மனுவுக்குச் சாட்சியாக, அதே கம்பெனியில் உடன் பணியாற்றிய ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம் இருந்தால் பலம். அப்படி உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். திண்டிவனம் பக்கத்து ஆள், ஊர்த் தெருக்காரர், இடைநிலைச் சாதி. பெரியவர் தயங்கினார். பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஊருக்கு வந்த பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. போனில் பேசியதும் அவர் "வாடா, வந்து எழுதி வாங்கிக்கோ" என்றார். போனோம்.

அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நான்கு பதக்கங்களும் வரிசையாகத் தொங்கின. அசல் பதக்கம்தான். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருந்தது. கண்டோன்மெண்ட் கடைகளில் காசு கொடுத்து வாங்கும் நகல்களில் விளிம்பு வெறுமையாக இருக்கும். எங்கள் பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்கு மட்டும் எப்படிடா எல்லாம் ஏறிச்சு?" என்று கேட்டார். அவர் மறைக்கவில்லை. "எனக்கும் ஏறலடா. எங்க மாமா பையன் ரெக்கார்டு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தான். லீவுல வந்தப்ப புக்கைக் குடுத்தனுப்பினேன், போட்டுக் குடுத்துட்டான்."

நான் சொல்ல வந்த விஷயம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே போர், ஒரே பிழை. பிழைக்குச் சாதி தெரியாது, திருத்தத்துக்குத் தெரியும். யாருக்கு ஆபீசில் மாமா பையன் இருக்கிறான், யாருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதித் தர ஒரு பட்டதாரி இருக்கிறான், யார் அதிகாரியின் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து "இது தப்பு, மாற்று" என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சாதி பங்கிட்டுக் கொடுத்தவை. இங்கே அநியாயம் செய்ய யாரும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அந்த மாமா பையன் செய்ததும் நல்ல காரியம்தான்.

நம் மக்களுக்கும் ராணுவப் பதிவுகளுக்கும் உள்ள கணக்கு பழையது. 1818 ஜனவரி 1 கோரேகான் போருக்காக எழுப்பிய தூணில் இறந்தவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டன. அவற்றில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அந்த விகுதியை வைத்துத்தான் அவர்கள் மகர்கள் என்று பின்னால் அடையாளம் கண்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன் போய் நின்றார் என்றால், நிற்பதற்கு ஒரு கல்லில் பெயர் இருந்தது என்பதால்தான். பெயர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த வரலாறே நமக்குக் கிடைத்திருக்காது.

எழுதியதை அழிக்கவும் அவர்களுக்குத் தெரியும். 'போர்வீர இனம்' என்ற கோட்பாட்டைத் தூக்கிப் பிடித்த ராபர்ட்ஸ் பிரபு 1880களில் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்துவிட்டு, பிறகு இந்தியப் படைக்கே தளபதியானவர். தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கருத்து. மகர்களைப் படையில் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நின்றது. சுபேதார் ராம்ஜியின் மகனுக்கு அப்போது ஒன்றிரண்டு வயது. கோபால் பாபா வாலங்கர் 1890களில் மனு எழுதினார், சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் மனு எழுதினார். நூறு வருஷம் ரத்தம் சிந்தியவர்கள், நாங்கள் படைவீரர்கள்தான் என்று மனுப்போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கே, கும்பினிக் காலத்தில் இருந்து பறையர் சிப்பாய்கள் நிறைந்திருந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்து 1928க்குள் முடித்தார்கள். சேப்பர்கள் என்ற பொறியாளர் படையில்தான் நம்மவர்கள் தொடர்ந்தார்கள். உலகப் போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட், 1942இல் மறுபடி மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1943இல் சமார் ரெஜிமெண்ட். தேவை முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். ஏன் கலைத்தீர்கள் என்று தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்டது 2017இல். எழுபது ஆண்டு கழித்து.

நம் தோழர்கள் சிலருக்கு இந்தப் பேச்சே சங்கடமாக இருக்கும். அரசின் படையில் வாங்கிய உலோகத் துண்டுக்கு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? எனக்கும் ராணுவப் பெருமிதத்தில் ஆர்வம் கிடையாது. 1987இல் அமைதிப்படை என்ற பெயரில் ஈழத்துக்குப் போனவர்களுக்கும் பதக்கம் உண்டு. அதை எடுத்து வெளியே வைக்கக் கூசுகிற நம் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும், அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன். ஆனால் போர் சரியா தவறா என்பது ஒரு விவாதம். போனவன் போனான் என்று எழுதுவது வேறு. காலனியில் இருந்து போனவன் போகவே இல்லை என்று ஏடு சொல்லும்போது அதைப் போர் எதிர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேறு நாடுகளில் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றினார்கள். அந்தப் போருக்காக வழங்கிய நானூற்றுச் சொச்சம் உயரிய வீரப்பதக்கங்களில் ஒன்றுகூட அவர்களுக்குப் போகவில்லை. 1990களில் அந்த நாட்டு ராணுவமே ஷா பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ஏடுகளைக் கொடுத்து ஏன் என்று பார்க்கச் சொன்னது. 1997 ஜனவரி 13 அன்று ஏழு பேருக்குப் பதக்கம் கொடுத்தார் அதிபர் கிளிண்டன். ஆறு பேர் செத்துப் போயிருந்தார்கள். வெர்னன் பேக்கர் ஒருவர்தான் 77 வயதில் நேரில் வந்து வாங்கினார். அவர் சண்டையிட்டது இத்தாலியில். அதே இத்தாலியில்தான் 1944 பிப்ரவரியில், கண்ணிவெடி மேல் விழுந்து உடன் இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார் நம் காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் படித்து வளர்ந்த எனக்கு அவர் பெயர் நாற்பது வயதில்தான் தெரிந்தது.

இன்னொன்று. பிரிட்டனின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு வீரர்களிலும் சுமை தூக்கியவர்களிலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று ஒத்துக்கொண்டது. சமமின்றி நினைவுகூரப்பட்ட பல்லாயிரம் பேரில் இந்தியர்களும் உண்டு. பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஏகாதிபத்தியங்களுக்கு நல்ல சான்றிதழ் கொடுக்க இதைச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் ஏட்டைத் தேடிப் பார்க்கிற வேலையை நிறுவனமே எடுத்துக்கொண்டது என்பதற்காகச் சொல்கிறேன். எழுபத்தைந்து வயதுக் கிழவரை மஞ்சள் பையோடு பஸ் ஏற விடவில்லை.

நம்மிடம் நேரமும் இல்லை. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய சிப்பாய்களின் பணிக் கோப்புகளை 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிடலாம் என்கிறது ராணுவ விதி. 1971இல் சண்டைக்குப் போய், 15 ஆண்டு நிறைவதற்குள் எழுபதுகளில் ஊர் திரும்பியவர்களின் கோப்பு இந்நேரம் சாம்பல். அவர்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சான்று வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம். கூரை வீடுகள் எரிந்தால் முதலில் போவது காகிதம். 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மாவட்டம் முழுக்கத் தாழ்ந்த இடத்தில் இருந்த காலனிகளில் எத்தனை டிரங்குப் பெட்டிகள் ஊறிப்போயின என்று யார் கணக்கெடுத்தார்கள்? அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்தன. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு போன்ற வேறு ஏடுகளை வைத்து இன்றுவரை அவற்றை மீட்டு எழுதித் தருகிறார்கள். இங்கே சம்பளப் பட்டியல் இல்லாமலா ஒரு கம்பெனி டாக்காவுக்குப் போனது?

பதக்கத்தோடு இது நிற்பதும் இல்லை. பதக்கத்துக்கு ஆணை போட மறந்த அதே முறைதான் கல்யாணத்துக்கும் ஆணை போட மறக்கிறது. கணவன் செத்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகிற பெண்ணிடம், "பதிவில் மனைவி பெயரே இல்லையே" என்கிறார்கள். அல்லது ஏட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். குப்பம்மாளை இந்தி எழுத்தர் எப்படி எழுதியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அது சோற்றுப் பிரச்சினை. ஆகவே கணவர் உயிரோடு இருக்கும்போதே புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு ரெக்கார்டு ஆபீசும் ஓய்வூதியர் பட்டியலைத் தானாக எடுத்துச் சரிபார்க்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர் யார், அவர்களில் யார் புத்தகத்தில் அந்தப் பதக்கம் ஏறவில்லை என்பதைக் கணினியில் பார்க்க எத்தனை நாள் ஆகும்? ஓய்வூதியம் முழுவதையும் ஸ்பர்ஷ் தளத்துக்கு மாற்றத் தெரிந்த அமைச்சகத்துக்கு இது பெரிய வேலை இல்லை. சாதியைத்தான் ஒவ்வொருவருக்கும் எழுதி வைத்திருக்கிறார்களே, விடுபட்டவர்களில் எந்தச் சாதியினர் எத்தனை பேர், திருத்தம் பெற்றவர்களில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வெளியிடட்டும். நான் சொல்வது தப்பு என்றால் அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். மாநில அரசின் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள், மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து மனு வாங்குவதோடு நிற்காமல் காலனிகளில் முகாம் போட வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நிரப்பித் தர ஆளும் வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் ஊர்க் காலனியில் பட்டாளத்துக்காரர் இருந்தால் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு விரைவுத் தபாலில் மனு, அதன் நகல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. பதில் வராவிட்டால், எந்தப் பதக்கத்துக்கான பார்ட் டூ ஆர்டர் எந்த எண்ணில் எந்தத் தேதியில் வெளியானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. நம் வழக்கறிஞர் தோழர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால் நல்லது.

திண்டிவனத்துக்காரர் உறுதிமொழிப் பத்திரத்தைத் தன் கையாலேயே எழுதினார். திண்ணையில் நாற்காலி போட்டார், டீ வந்தது. அவர் மகன் உள்ளே இருந்து வரவே இல்லை. நான் ஆங்கிலத்தில் தயாரித்துக் கொண்டுபோன வாசகத்தின் கீழே, தமிழில் இரண்டு வரி அவராகச் சேர்த்தார். 1971 டிசம்பரில் இருவரும் ஒரே படகில் ஆற்றைக் கடந்தோம், என் பொதியையும் சேர்த்து இவர்தான் தூக்கினார் என்று. அந்த வரி சட்டப்படி தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றேன். இருவருமே கூடாது என்றுவிட்டார்கள். அதோடு சேர்த்துத்தான் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.